டிராகன் கைக்கு ஒரு விரல் கீழே

அத்தியாயம் ஆறு

மனித குலத்தின் நெடிய வரலாற்றில் திருட்டுப் போனவை ஏராளம். மகுடங்கள் போயிருக்கின்றன. கப்பல்கள் சரக்கோடு போயிருக்கின்றன. அசந்த நேரத்தில் முழு நாடே கைமாறியிருக்கிறது. ஆனால் பட்டப்பகலில், பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்கும்போதே, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உயரத்திலிருந்து ஒரு விரல் அளவு களவாடப்பட்டது இதுவே முதல் தடவை. உலகம் தன் வேலைகளை நிறுத்திவிட்டு இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.

முதல் ஐந்து அத்தியாயங்களைத் தவறவிட்ட வாசகர்கள் வருந்த வேண்டாம். அவற்றில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

நின்றவர்கள் யார் என்பதை மட்டும் சொல்லிவிடலாம். முதலில் நம் துப்பறியும் நிபுணர். நிபுணர் என்பது அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்; காணாமல் போன பூனைகளைக் கண்டுபிடிப்பது தொழில். பெரும்பாலான பூனைகள் தாமாகவே வீடு திரும்பிவிடும், அந்தப் பெருமையும் இவர் கணக்கில் ஏறிவிடும். அடுத்து அவருடைய அக்கா. அக்காவின் கணவர், அதாவது மச்சான். அவர்களுடைய ஒரே மகள் வாண்டு. கடைசியாக, நிபுணரின் உதவியாளன் ஒட்டடை. ஆள் நீளமாக, ஒல்லியாக, மூலையில் சாத்தி வைத்தால் மறந்துவிடும்படி இருப்பான். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குத்தான் சலுகை என்று பூங்கா விளம்பரம் சொன்னதால், நான்கு பேர் கொண்ட இந்தக் குடும்பம் ஒட்டடையைச் சித்தப்பாவாக்கி அழைத்து வந்திருந்தது.

பூங்கா என்றால் சும்மா பூங்கா இல்லை. தங்கும் விடுதி, செயற்கை ஏரி, செயற்கைக் கடற்கரை, உண்மையான கொசு எல்லாம் உள்ள பெரிய இடம். அதன் நடுவில் சிமென்ட்டில் ஒரு மலை. மலைக்குள் இருட்டில் பாய்ந்து விழும் ஒரு ரயில். மலையின் வாசலில் மரத்தில் செய்த டிராகன் ஒன்று வலது கையை நீட்டிக்கொண்டு நின்றது. தலை அந்தக் கையில் இடித்தால் உள்ளே போகலாம். இடிக்காவிட்டால் அடுத்த வருஷம்.

வாண்டுவின் தலை இடிக்கவில்லை.

"இன்னொரு தடவை நில்லும்மா. கழுத்தை நீட்டு. ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீட்டு," என்றார் மச்சான்.

வாண்டு நீட்டினாள். தலைக்கும் டிராகன் கைக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போய் வந்தது. வாசலில் நின்ற பணிப்பெண் அந்த விரலைப் போட்டுக் காட்டினாள்.

"சார், படல. படலன்னா விட முடியாது."

"முந்தாநாள் மெயின் கேட்ல இதே மாதிரி டிராகன்தானே இருந்துச்சு? அதுல பட்டுச்சே! பட்டதுக்குத்தானே கையில பச்சைப் பட்டை கட்டி விட்டீங்க? ரெண்டு நாள்ல புள்ள தேய்ஞ்சு போச்சா?"

"தேய்ஞ்சிருக்கலாம் சார்," என்றான் ஒட்டடை. "ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்கோமே. எனக்கே இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு."

மச்சான் அவனைப் பார்த்த பார்வையில் சித்தப்பா உறவு அங்கேயே அறுந்தது.

மச்சானின் ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே வாசலில், இதே டிராகன் கையில், வாண்டு அரைச் சாண் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அன்றிலிருந்து மச்சான் வீட்டில் வளர்ச்சித் திட்டம் அமலுக்கு வந்தது. படுக்கையறைக் கதவு நிலையில் இரும்புக் கம்பி. காலையும் மாலையும் வாண்டு அதில் தொங்க வேண்டும். பால், முட்டை, மறுபடியும் பால். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மாடி வீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது: இந்த வருஷம் என் பொண்ணு டிராகன் மலை ஏறுகிறாள். காணொளி எடுக்கக் குச்சியில் மாட்டிய போன் தயார். இன்று மாலை ஊருக்குப் பஸ். இன்று விட்டால் மச்சான் தண்ணீர் கேன்காரர் முகத்தில் எப்படி விழிப்பார்?

வாண்டு மட்டும் அமைதியாக இருந்தாள். "அப்போ ஐஸ்கிரீம் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டிப் பக்கம் குதித்துக்கொண்டே போனாள். அவளுடைய நீளக் கவுன் கணுக்காலுக்கு மேலே துள்ளியது.

சத்தம் கேட்டு விருந்தினர் மகிழ்ச்சித் துறையின் தலைமை அதிகாரி வந்து சேர்ந்தார். சட்டையில் சிரித்த முகம் பொறித்த வில்லை. சொந்த முகத்தில் அந்த வசதி இல்லை.

"மதிப்பிற்குரிய விருந்தினரே," என்றார் அவர். அச்சடித்த தமிழில்தான் பேசுவார். "இந்த டிராகன் இப்பூங்கா தொடங்கிய நாள்முதல் இங்கே நிற்கிறது. எங்கள் டிராகன் பொய் உரைப்பதில்லை."

"அப்போ என் பொண்ணு பொய் சொல்றாளா?"

"குழந்தைகள் சுருங்குவது குறித்து எங்களிடம் தகவல் இல்லை."

இந்த இடத்தில்தான் நிபுணர் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மழை வரும் என்று ஒட்டடை சொல்வதுண்டு. இன்று அதுகூட வரவில்லை, வெயில்தான் கொளுத்தியது.

"இந்த வழக்கை நான் எடுத்துக்கறேன்," என்றார்.

"யாரு சார் குடுத்தாங்க?" என்றான் ஒட்டடை.

"ரெண்டு டிராகன். ஒரு குழந்தை. ஒரு டிராகன் உயரம்னு சொல்லுது, இன்னொண்ணு குள்ளம்னு சொல்லுது. குழந்தை ஒண்ணுதான். அப்போ ரெண்டுல ஒரு டிராகன் பொய் சொல்லுது. எதுன்னு கண்டுபிடிச்சா கதை முடிஞ்சுது. அளவு நாடா இருக்கா?"

அளவு நாடா பராமரிப்புப் பிரிவில் இருந்தது. பராமரிப்புப் பிரிவு மதிய உணவில் இருந்தது.

"அப்போ நீ வாடா," என்று நிபுணர் ஒட்டடையை இழுத்து டிராகனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நீட்டிய கையின் அடிப்பக்கம் ஒட்டடையின் சட்டையில் எந்த இடத்துக்கு வருகிறது என்று குனிந்து பார்த்தார். "மேலேருந்து நாலாவது பட்டன். சரியா பட்டன் நடுவுல உட்காருது. எல்லாரும் பார்த்துக்குங்க. இப்போ இந்தச் சட்டையோட மெயின் கேட்டுக்குப் போறோம். கூன் போடாதே, சாட்சி கலைஞ்சிடும்."

"சார், சட்டையை இன் பண்ணியிருக்கேன். கையைத் தூக்கினா பட்டனும் மேல ஏறும்."

"தூக்காதே."

"மூக்குல ஈ உட்கார்ந்தா?"

"உட்காரட்டும். அதுவும் சாட்சி."

மெயின் கேட்டுக்குப் போகும் வழியைப் பற்றி அதிகம் எழுதினால் வாசகர்களுக்கும் கால் வலிக்கும். அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. இடது பக்கம் போனால் அங்கிருந்த அம்புக்குறி வந்த வழியையே காட்டியது. பாலம் ஒன்று வர்ணம் பூசுவதற்காக மூடியிருந்தது. சுற்றிப் போகிற பாதையில் கரடி, முயல், சிங்க வேஷம் போட்டவர்களின் ஊர்வலம் குறுக்கே வந்து நகர மறுத்தது. நிபுணர் அவசர வேலை என்று சொல்லிப் பார்த்தார். கரடி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. யாரோ படம் எடுத்தார்கள்.

ஒட்டடை இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, கஞ்சி போட்டு விறைத்த வேட்டி மாதிரி பின்னாலேயே வந்தான்.

மெயின் கேட் டிராகனுக்கு முன்னால் குழந்தைகள் வரிசை. பெரியவர்களை அங்கே அளப்பதில்லை என்றார் காவலாளி.

"இவனுக்கு அளக்கணும்," என்றார் நிபுணர்.

காவலாளி ஒட்டடையின் பாதத்திலிருந்து உச்சிவரை பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "இவருக்கு என்ன சந்தேகம்?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே, இவருக்குத்தான்," என்றான் ஒட்டடை. "நான் இன்னும் வளர்றேனோன்னு பயப்படறாரு. சம்பளத்தையும் சேர்த்து வளர்க்கணுமேன்னு."

"வரிசையில வாங்க."

வந்தார்கள். முன்னால் நின்ற பொடியன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "நீ எந்த கிளாஸ்?" என்று ஒட்டடையிடம் கேட்டான். ஒட்டடை, "பெயிலாகிட்டே இருக்கேன் தம்பி," என்றான். நிபுணரின் சட்டைக்குள் வியர்வை முதுகிலிருந்து இறங்கி வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வழியாக முறை வந்தது. டிராகனின் கை ஒட்டடையின் நாலாவது பட்டனுக்கு வரவில்லை. அதற்கு ஒரு விரல் கீழேயே நின்றுவிட்டது.

"பார்த்தியா?" என்று நிபுணர் கிட்டத்தட்டக் கத்தினார். "அங்க பட்டன் மேல. இங்க பட்டனுக்கு ஒரு விரல் கீழ. மலை டிராகன் ஒரு விரல் கூடுதலா வளர்ந்திருக்கு!"

"அதுக்கும் பால், முட்டை குடுத்திருப்பாங்க," என்றான் ஒட்டடை. அதற்குள் காவலாளி கடமை தவறாமல் அவன் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்.

நிபுணர் டிராகனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் காலடியில் குனிந்தார். சிவப்பு வர்ணம் பூசிய நகங்கள், தினமும் தரை துடைக்கிற ஈரத்தில் பாதி உரிந்துபோய்த் தெரிந்தன. அவர் கண்கள் பளபளத்தன.

"மலை டிராகனுக்கு நகம் என்ன கலர்?"

ஒட்டடை யோசித்தான். "தெரியலையே சார். அதோட கால்ல பிளாஸ்டிக் புல்லு சுத்தி வெச்சிருந்தாங்க."

"இந்த டிராகனுக்கு ஏன் புல்லு இல்ல?"

"தின்னுருக்கும்."

"மறைக்க எதுவும் இல்ல, அதான் இல்ல. ஒருத்தன் காலை மறைக்கிறான்னா காலுக்குக் கீழ என்னமோ இருக்குன்னு அர்த்தம். நட!"

மலை வாசலுக்குத் திரும்பியபோது மச்சானும் மகிழ்ச்சித் தலைவரும் அதே இடத்தில், அதே வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற கூட்டம் வேறு வேலையில்லாமல் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. பணிப்பெண் தலைவரின் முழங்கைப் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "விசாரணை முடியட்டும்," என்று அவர் கையைக் காட்டி அடக்கினார்.

நிபுணர் நேராகப் போய், டிராகன் காலடியில் இருந்த பிளாஸ்டிக் புல்லை ஒரே இழுப்பாக இழுத்தார்.

டிராகன் ஒரு பலகைமேல் நின்றுகொண்டிருந்தது. பலகையின் கனம் ஒரு விரல்.

கூட்டம் கைதட்டியது. மச்சான், "மாப்ள!" என்று நிபுணரைக் கட்டிக்கொண்டார். பத்து வருஷத்தில் முதல் தடவை. போன முறை கட்டிக்கொண்டது கல்யாண மேடையில், அதுவும் படம் எடுப்பவர் சொன்னதால்.

"இது எப்போ வந்துச்சு?" என்று நிபுணர் பணிப்பெண்ணைக் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் சார். தரை கழுவுற தண்ணி தேங்கி மரம் ஊறுதுன்னு பலகை வெச்சாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா!"

"டிராகன் பொய் சொல்லுமா சொல்லாதான்னுதானே பேசிட்டிருந்தீங்க. பலகையைப் பத்தி யாரும் கேக்கல."

மகிழ்ச்சித் தலைவர் வில்லையை நிமிர்த்திக்கொண்டார். "எங்கள் டிராகன் இப்போதும் பொய் உரைக்கவில்லை. அதற்குக் கூடுதல் உயரம் வழங்கப்பட்டிருந்தது. தவறைத் திருத்துவதில் இப்பூங்கா என்றும் பின்வாங்கியதில்லை. குழந்தையை முதல் பெட்டியில், முதல் இருக்கையில் அமர்த்த ஆணையிடுகிறேன்."

பலகை அகற்றப்பட்டது. ஐஸ்கிரீம் முடிந்து வந்த வாண்டு அழைக்கப்பட்டாள். மச்சான் போன் குச்சியை நீட்டி, "பாருங்க மக்களே, நியாயம் ஜெயிச்சிடுச்சு," என்று யாருக்கோ சொல்ல ஆரம்பித்தார்.

வாண்டு டிராகன் கைக்குக் கீழே போய் நின்றாள்.

தலை படவில்லை. ஒரு விரல் இடைவெளி.

கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன. மச்சான் போனைத் தாழ்த்தினார். "அதெப்படி? பலகையைத்தான் எடுத்தாச்சே! மாப்ள, தரையைப் பாரு. தரையைத் தோண்டணும். இல்ல, கையை வளைச்சிருக்கானுங்க!"

"தரை உயர்வது குறித்தும் எங்களிடம் தகவல் இல்லை," என்றார் மகிழ்ச்சித் தலைவர். அவருக்கு உயிர் திரும்பியிருந்தது.

"ஒட்டடை, நில்லு," என்றார் நிபுணர். ஒட்டடை நின்றான். டிராகன் கை இப்போது நாலாவது பட்டனுக்கு ஒரு விரல் கீழே, மெயின் கேட்டில் இருந்த அதே இடத்தில். டிராகன் சரி. தரை சரி. பட்டன் சரி.

நிபுணர் தலையைச் சொறிந்தார். துப்பறிகிறவர்கள் நெற்றியைத்தான் தேய்க்க வேண்டும். அரிக்கிற இடத்தைச் சொறிவது சாமானியர் செய்வது. ஆனால் அவர் அப்போது சாமானியராகத்தான் இருந்தார். பார்வை தற்செயலாக வாண்டுவின் காலில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு. கால் தெரியவே இல்லை. தள்ளுவண்டிக்குக் குதித்துப் போனபோது கணுக்காலுக்கு மேலே துள்ளிய கவுன், இப்போது செருப்பை மூடித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கவுன் வளராது. அதற்கு யாரும் பால் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றார் நிபுணர். "முக்கிய சாட்சியைத் தனியா விசாரிக்கணும்." வாண்டுவைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனார்.

"முட்டியை நேரா வெச்சு நில்லு பார்ப்போம்."

வாண்டு நிமிர்ந்தாள். கவுன் கணுக்காலுக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"எப்பலேருந்து மடக்குறே?"

"இப்பதான் மாமா. முதல் தடவை மடக்கவே இல்ல. நேராத்தான் நின்னேன். தானாவே படல. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சேன். நீங்க ஏன் மாமா கண்டுபிடிச்சீங்க?"

தன் தொழில் வாழ்க்கையில் நிபுணரிடம் பூனைக்காரர்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். ஏன் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

"மெயின் கேட்ல ஏன் நிமிர்ந்து நின்னே?"

"அப்போ பயமில்ல. அப்புறம் நேத்து இங்க ஒரு அங்கிள் ரயில்ல போயிட்டு வெளிய வந்தாரு. பெரிய மீசை. வெளிய வந்து உட்கார்ந்து அழுதாரு மாமா. அவங்க வீட்டு ஆன்ட்டி மூஞ்சி துடைச்சு விட்டாங்க."

"அப்பாகிட்ட பயமா இருக்குன்னு சொல்லலாமே?"

வாண்டு மூக்கை உறிஞ்சினாள். "எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. கம்பியில தொங்குறப்ப எல்லாம் கீழ நின்னு எண்ணுவாரு. நான் குள்ளமா இருந்தா டிராகன் மேல கோவப்படுவாரு. பயந்தேன்னா என் மேல." பிறகு மெதுவாக, "கோவம்கூடப் படமாட்டாரு. மூஞ்சி தொங்கிடும். சொல்லிடாதீங்க மாமா."

மலை வாசலில் முழுக் கூட்டமும் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக நிபுணர் ஒரு வழக்கை முழுதாகத் துப்பறிந்திருந்தார். பலகையும் கவுனும் அவருடையவை. கைதட்டல் கொஞ்ச நேரம் முன்பு கேட்டதைவிட இரண்டு மடங்கு வரும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அவர் திரும்பி வந்தார். செருமினார்.

"என் கணிப்புல பிழை," என்றார்.

"என்னது?" என்றார் மச்சான்.

"மெயின் கேட்ல அளந்தப்ப குழந்தை வேற ஷூ போட்டிருக்கா. அடி தடிமனானது. அதனால அங்க பட்டுச்சு. இன்னிக்கு செருப்பு. குழந்தையோட உண்மையான உயரம் பத்தாது. டிராகன் பேர்ல தப்பில்ல. எல்லாரையும் வெயில்ல நிக்க வெச்சது நான்தான்."

"எந்த ஷூ?" மச்சானின் குரல் உச்சிக்குப் போனது. "இவளுக்கு ஏது ஷூ?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள், கவுனின் விளிம்பு வரைக்கும். இந்தப் பயணத்துக்கு மகளுக்கு ஒரே ஒரு ஜோடி செருப்பு எடுத்து வைத்தவள் அவள்தான்.

"ஆமாங்க. அன்னிக்கு ஷூதான் போட்டிருந்தா," என்றாள் அக்கா. "ரூம்ல இருக்கு. ஈரமாயிடுச்சுன்னு விட்டுட்டு வந்தேன்."

அதோடு முடிந்தது. கூட்டத்தில் ஒருவர், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார். இன்னொருவர் "துப்பறியிற மூஞ்சியப் பாரு," என்றார். மகிழ்ச்சித் தலைவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் டிராகன்மீது சுமத்தப்பட்ட களங்கம் துடைக்கப்பட்டது, விருந்தினர் டிராகனிடம் வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும் என்றார். நிபுணர் மர டிராகனைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க," என்றார். அதையும் படம் எடுத்தார்கள்.

"உன்னைப் போய் நம்பினேன் பாரு," என்றார் மச்சான். "பூனை புடிக்கிறவன் பூனை புடிக்கிறதோட நிக்கணும்." போன் குச்சியை மடக்கியபடி முன்னால் நடந்தார். அவருக்கு முகம் தொங்கவில்லை. கோபமாக, கம்பீரமாக, அநியாயத்துக்கு ஆளான மனிதராக நடந்தார். வாண்டு ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டிராகன் மோசம்ப்பா," என்றாள். "ரொம்ப மோசம்டா கண்ணு," என்றார் அவர்.

ஒட்டடை நிபுணர் பக்கத்தில் வந்து நின்றான். "சார், கவுனை நானும் பார்த்தேன்," என்றான். "அப்புறம் எதுக்கு ஷூ, தடிமன், பிழைன்னெல்லாம்?"

"வாயை மூடிக்கிட்டு நட."

"மூடிக்கிட்டேன் சார். இப்போ கையைத் தூக்கலாமா?"

அவர்களுக்குப் பின்னால், மலை வாசலில் பணிப்பெண் மறுபடியும் மகிழ்ச்சித் தலைவரின் முழங்கைப் பக்கம் வந்தாள்.

"சார், இப்பவாவது சொல்லிடலாமா?"

"எதை?"

"மதியம் நீங்க இங்க வந்ததுலேருந்து சொல்ல வர்றேன் சார். உள்ள ரயில் ரிப்பேர். நீங்க சொல்லாம அறிவிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அன்று மதியத்துக்குப் பிறகு டிராகன் மலையில் யாரும் ஏறவில்லை.